யானை மறித்த கோச்சி

லண்டனில் நான் ரயில் ஓட்டுகிறேன். தெற்குப் புறநகர்களிலிருந்து விக்டோரியாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பி வருவதுதான் வேலை. அதற்கு முன்பு பல வருடங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்று டிக்கெட் பார்த்தேன். தினமும் கண்முன்னால் ரயில் வந்து நிற்கும், போகும். ஒரு நாள் இதை நான் ஏன் ஓட்டக்கூடாது என்று தோன்றியது. ஓட்டுநர் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது முதல் தரம் என்னை எடுக்கவில்லை, இரண்டாம் தரம் எடுத்தார்கள். பயிற்சி முடிந்து தனியாக ஒரு ரயிலைக் கிளப்பிய அன்று, எனக்குப் பின்னால் இத்தனை பெட்டிகள் வருகின்றன என்ற நினைப்பே முதுகை நிமிர்த்திவிட்டது.

அம்மா எங்களோடு தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறார். கோயிலிலோ மரக்கறிக் கடையிலோ யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "ரயில்வேயிலை வேலை" என்று சொல்லிவிட்டு உடனே கணக்காளரான என் தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அம்மா சொல்வது பொய்யில்லை. ஆனால் கேட்டவர்கள் என்னை ஏதோ ஒரு கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருப்பவளாக நினைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அதுவே நிம்மதி என்று தெரிந்ததால் நானும் திருத்தப் போனதில்லை.

போன வருடம் கூட வேலை செய்கிறவர் ஒருவர் நான் ஓட்டுநர் அறை ஜன்னலால் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தந்தார். தம்பி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ரொறொன்ரோ, பாரிஸ், கொழும்பு என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் அந்தக் குழுவில் இருக்கிறது. இரண்டு மூன்று கட்டைவிரல்கள் வந்தன. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை மலேசியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அப்பாவின் பெரியப்பா மகள், எனக்கு மாமி முறை. ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒருமுறை கல்யாண வீடொன்றில் கண்டது தவிர எனக்கு அவரோடு பழக்கம் இல்லை.

"நீதானே அந்தக் கோச்சி ஓட்டுறது?" என்று மாமி கேட்டார்.

கோச்சி என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ வருடங்கள். யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் ரயிலுக்குச் சொல்கிற சொல். எங்கள் வயதுக்காரர் அதை எப்போதோ விட்டுவிட்டோம். மலேசியாவில் அது புதுச்சொல் போல மாமியின் வாயில் இருந்தது.

"ஓம் மாமி."

"படத்துக்கு ஏறி நிண்டதோ, இல்லை உண்மையா ஓட்டுறியோ?"

"உண்மையாத்தான் ஓட்டுறன்."

"அப்ப இஞ்சை வா. உன்னை நான் ஊருக்குக் காட்டவேணும்" என்றார் மாமி.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. நான் மட்டும் போனேன். கோலாலம்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தெலுக் இந்தானுக்குப் போய்ச் சேர்ந்தேன். பேராக் ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர் அது. நடுவில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் கண்ணுக்குத் தெரியவே சாய்ந்து நிற்கிறது. அதன் கீழே மாமியும் மாமாவும் குடை பிடித்தபடி எனக்காகக் காத்திருந்தார்கள். கட்டினபோது அது தண்ணீர்த் தொட்டி, பாரம் தாங்காமல் சாய்ந்தது என்று மாமா விளக்கினார். இந்த ஊரில் கோபுரம் கூட ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டுக் குனிந்துவிட்டது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதாக மாமி சொன்னார். இரண்டையும் நான் நம்பினேன்.

ரயில் நிலையம் எங்கே என்று வழியில் கேட்டேன். மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. இந்த ஊருக்கு ரயில் வருவது நின்று பல காலம், தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள் என்றார். எங்கள் குடும்பம் மலாயாவுக்கு வந்ததே ரயில் வேலைக்காகத்தான். என் பூட்டன், அதாவது அப்பாவின் தாத்தா, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த ஊர் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். அவருடைய பிள்ளைகளில் மூத்தவர் இங்கேயே தங்கினார், அவர் மாமியின் அப்பா. இளையவர் ஊருக்குத் திரும்பினார், அவர் என் அப்பப்பா. ஒரே வீட்டிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் நாங்கள். ரயில் குடும்பத்தில் ரயிலை விட்டு விலகாமல் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான் என்று மாமி கார் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

அன்றைய மதியச் சாப்பாடு பிட்டும் சொதியும். பிட்டு எங்கள் வீட்டுப் பிட்டேதான். ஆனால் தொட்டுக்கொள்ள வைத்த சம்பலில் நெத்தலிக் கருவாட்டோடு பச்சை நிறத்தில் அகன்ற கொட்டைகள் கிடந்தன. பெத்தாய் என்று பெயர். வாயில் வைத்தால் முதலில் கசப்பும், பிறகு ஒருவிதக் காட்டமான மணமும் ஏறின. இறால் அரைத்துப் புளிக்கவைத்த பெலாசான் வேறு அந்தச் சம்பலில் சேர்ந்திருந்தது. முதல் வாய்க்கு நான் விழித்ததைப் பார்த்து மாமா சிரித்தார். மூன்றாம் வாய்க்கு நானே சம்பல் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இந்தச் சம்பலோடு பிட்டுத் தின்று பழகினவர்கள் யாழ்ப்பாணத்துக்குப் போனால் சப்பென்று இருக்குமாம். அதைச் சொல்லும்போது மாமிக்கு ஒரு பெருமை. அங்கிருந்து கொண்டுவந்ததை இங்கே ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டோம் என்கிற பெருமை அது.

மறுநாள் காலை மாமி என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். காய்கறி வாங்க அல்ல என்று எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. மீன் விற்கிறவர், தேங்காய் துருவித் தருகிறவர், பூக்காரி, பழைய மாணவர்கள் என்று ஒவ்வொருவர் முன்னாலும் என்னை நிறுத்தினார். சீனருக்கு மலாயில், மலாய்க்காரருக்கு மலாயில், தமிழருக்குத் தமிழில், எல்லாருக்கும் ஒரே சேதிதான்: எங்கட பிள்ளை, லண்டனில் கோச்சி ஓட்டுகிறாள். மீன்காரர் கையை உதறிவிட்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். எவ்வளவு வேகமாக ஓட்டுவீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்துக் கடைக்காரரிடம் அதை அவர் உரத்துச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர் அடுத்த கடைக்குச் சொன்னார். லண்டனில் ஒரு தடவைகூட யாரும் என் வேலையை இப்படிக் கடை கடையாகக் கடத்தியதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரிசை முடிந்துவிடக்கூடாது என்றும் இருந்தது.

மாலையில் மாமா என்னை ஒரு கடைக்கு அழைத்துப்போனார். கடை என்றால் தகரக் கூரையின் கீழ் நாலு மேசை. ஒரு சீன அம்மா ஆவியில் அவித்த அரிசிமாத் தாளை விரித்து, அதில் காய்ந்த இறாலும் பொடியாக வெட்டி வதக்கிய கிழங்கும் தூவி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைத்தார். மேலே பொரித்த சின்ன வெங்காயம், பக்கத்தில் வினாகிரியில் ஊறவைத்த பச்சை மிளகாய். சீ சியோங் ஃபன் என்கிறார்கள். வேறு ஊர்களில் இதைக் குழம்பில் நனைத்துத் தருவார்களாம். குழம்பு ஊற்றினால் இறாலின் ருசியைக் கொன்றுவிடும் என்பது இந்த ஊரின் கட்சி. அரிசிமா வழுக்கிக்கொண்டு போனது, இறால் பல்லில் நொறுங்கியது, மிளகாயின் புளிப்பு எல்லாவற்றையும் கழுவிவிட்டது. இரண்டாவது தட்டு கேட்டேன்.

மாமாவின் கூட்டாளி ஒருவரும் வந்து சேர்ந்தார். முன்பு ஆற்றில் படகு ஓட்டிய மலாய்க்காரர். நான் ரயில் ஓட்டுகிறவள் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, யானையைப் பற்றித் தெரியுமா என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. உடனே மாமா, படகுக்காரர், கடைக்கார அம்மா மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மாமா எனக்காக மாற்றி மாற்றிச் சொன்னார்.

முன்னொரு காலத்தில், இந்த ஊருக்குப் பாதை போட்ட புதிதில், ஒரு காட்டு யானை ரயிலை மறித்து மோதிக் கவிழ்த்ததாம். ஏன் மோதியது என்பதில்தான் சண்டை. கடைக்கார அம்மாவின் கதையில், முதல் நாள் ரயில் ஒரு யானைக் குட்டியைக் கொன்றுவிட்டது. தகப்பன் யானை அதே இடத்துக்கு வந்து, தின்னாமல் குடிக்காமல் தண்டவாளத்தில் காத்துநின்று, அடுத்த ரயில் வந்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடியது. படகுக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. யானைக்குப் பழிவாங்கத் தெரியாது, அது பெரிய மனிதன், தன் கூட்டம் முழுவதையும் கடக்கவிட்டுக் கடைசியாக நின்று மறித்தது என்றார். பனி மூடிய காலைகளில் ஆற்றின் நடுவே அதன் பிளிறல் கேட்கும் என்று பழைய படகுக்காரர்கள் சொல்வார்களாம். யானை அந்த இடத்திலேயே செத்துப்போனது. பாதையோரமே அதைப் புதைத்துப் பலகையும் நட்டார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது ஓட்டுநர்கள் நீளமாக ஊதுவார்கள் என்று பூட்டன் சொன்னதாக மாமா சொன்னார். மாமியின் அப்பா ரயிலில் போகும்போது பிள்ளைகளை அந்த இடத்தில் எழுந்து நிற்கச் சொல்வாராம்.

ஒரு யானைக்காக ஓர் ஊரே இப்படி வாதாடுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. யானையும் பிடித்திருந்தது. ஆனால் வேலைப் புத்தி விடவில்லை.

"ஓட்டினவருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

மாமா அதை மலாயில் சொன்னார். கடைக்கார அம்மா கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். தனக்கு இந்தக் கதையைச் சொன்ன மாமியாரும் அதைச் சொன்னதில்லை என்றார். படகுக்காரர் தலையைச் சொறிந்தார். இத்தனை காலமாகச் சொல்லப்பட்ட கதையில் ரயில் தானாக ஓடிவந்திருக்கிறது.

அடுத்த நாள் காலை மாமா, நேரே போய்ப் பார்ப்போம் என்று காரை எடுத்தார். மாமியும் வந்தார். ஊருக்கு வெளியே செம்பனைகளுக்கு நடுவே அந்த இடம். தன் கூட்டத்தைக் காக்க ரயிலை எதிர்த்த யானை இங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பலகையிலுள்ள சேதி. மாமா தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார். நான் பழைய பாதை போயிருக்கக்கூடிய திசையில் சற்றுத் தூரம் நடந்தேன். தண்டவாளம் இல்லை, ஆனால் தரை நேராகப் போவதை வைத்து ஊகிக்க முடிந்தது. இரண்டு பக்கமும் அப்போது காடு. நீராவி இயந்திரம், இன்றைய பிரேக் இல்லை. அந்த ஓட்டுநர் யானையை எங்கே வைத்து முதலில் கண்டிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கே வைத்துக் கண்டிருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது.

திரும்பி வந்து, வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றை அவர்கள் இருவருக்கும் சொன்னேன். ஓர் இலையுதிர் காலத்து மாலை, குரோய்டனுக்குத் தெற்கே, பாதை இரண்டு மேட்டுக்கு நடுவே போகிற இடம். தண்டவாளத்தில் ஒரு மான் நின்றது. ஹோர்னை அழுத்தினேன், பிரேக்கை முழுதாகப் போட்டேன். ரயில் நினைத்த இடத்தில் நிற்கிற சாமான் அல்ல. நாம் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்த பிறகும் அது போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரம் முழுவதும் மான் என்னையே பார்த்தது. மோதிய சத்தம் சின்னதுதான். பிறகு சிக்னல் அறைக்கு ரேடியோவில் அறிவித்தேன், பெட்டிகளைச் சரிபார்த்தேன், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று பயணிகளுக்குச் சொன்னேன். தொடர்ந்து ஓட்ட ஏலுமா என்று மேலாளர் போனில் கேட்டார். ஏலும் என்றேன். எல்லாரையும் அவரவர் ஊரில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

சொல்லி முடித்தபோது மாமியின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். காருக்குப் போகத் திரும்பிய மாமா நின்று, தொப்பியை மறுபடியும் கழற்றினார்.

"முதல் கழட்டினது யானைக்கு" என்றார். "இது ஓட்டினவனுக்கு."

அன்று மாலையும் அதே கடை. மாமி விடவில்லை, மான் கதையை அங்கே சொல்ல வைத்தார். நான் தமிழில் சொல்ல, மாமா மலாயில் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்களும் கதிரைகளைத் திருப்பிக்கொண்டார்கள். யானை முன்னால் நின்ற அந்தக் கணத்தில் ஓட்டுநரின் கைகள் என்ன செய்திருக்கும், அவர் ஏன் குதித்து ஓடியிருக்க மாட்டார் என்று நான் நினைக்கிறேன், பின்னால் இருக்கிற ஆட்களின் நினைப்பு எப்படி ஒருவரை இருக்கையோடு கட்டிப்போடும் என்றெல்லாம் சொன்னேன். என் வேலையைப் பற்றி அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பேசப் பேச, இது சொல்லத் தகுந்த வேலைதான் என்று எனக்கே பட்டது.

கடைக்கார அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். மறுநாள் நீ வேலைக்குப் போனாயா? போனேன் என்றேன். அவர் தலையாட்டினார். உள்ளே போய், வழக்கத்தைவிட இறால் நிறையப் போட்ட ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து ஏதோ சொன்னார்.

"கோச்சி ஓட்டுறவைக்குப் பசி கூடவாம்" என்று மாமா சொன்னார்.

நான் லண்டனுக்குத் திரும்பும் முன்பே மாமி அம்மாவோடு பேசிவிட்டார். வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்தபோது அம்மா குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். பயணம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். பெத்தாய் பற்றிச் சொன்னேன், முகம் சுளித்தார். பிறகு காயைப் பார்த்தபடியே, "மானைப் பற்றி மச்சாள் சொன்னா. ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான்."

"பயப்பிடத்தான் செய்வன். எண்டாலும் சொல்லு."

அதனால் சொன்னேன். முடிந்ததும் அம்மா, அப்போது எந்தக் கையால் பிரேக் போட்டாய் என்று கேட்டார். காட்டினேன். அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து சட்டியை அடுப்பில் வைத்தார். அடுத்த சனிக்கிழமை மரக்கறிக் கடையில் யாரோ ஒருவர் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "மகள் ரயில் ஓட்டுறா. குறுக்கை மான் வந்தாலும் நிதானம் விடமாட்டாள்" என்று அம்மா சொன்னதாகத் தம்பியின் மனைவி வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கேட்டவர் அதற்கு என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

தெலுக் இந்தானில் சாப்பிட்ட சீ சியோங் ஃபன்னை வீட்டில் செய்து பார்த்தேன். அரிசிமாத் தாள் சீனக் கடையில் கிடைத்தது, காய்ந்த இறாலும் கிடைத்தது. முதல் தடவை கிழிந்து கூழாகிவிட்டது. பிறகு சரிவந்தது. ஒரு நாள் பெரிய டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். ஷிப்டுக்கு நடுவே சாப்பிடுகிற அறையில் எல்லாரும் எடுத்தார்கள். இது என்ன, எந்த ஊர்ச் சாப்பாடு என்று கேட்டார்கள். ரயிலோட்டிகள் நிறைந்த அந்த அறையில் யானைக் கதையைச் சொன்னேன். கானாவிலிருந்து வந்த மூத்த ஓட்டுநர் ஒருவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி, நான் கேட்ட அதே கேள்வி. ஓட்டினவர் பிழைத்தாரா? தெரியாது, ஆனால் இப்போது அந்த ஊரும் அதைக் கேட்கிறது என்றேன்.

போன மாதம் மாமி அழைத்தார். கடைக்கார அம்மா யானைக் கதையை இப்போது ஓட்டுநரோடு சேர்த்துத்தான் சொல்கிறாராம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு, கடைசிவரை பிரேக்கை விடாத மனிதன் என்று கையை இறுக்கிப் பிடித்துக் காட்டுகிறாராம். மாமா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்: ஓட்டினவர் யாழ்ப்பாணத்துத் தமிழர்.

அதற்கு ஒரு சாட்சியும் இல்லையே மாமி, வெள்ளைக்காரனாகவும் இருந்திருக்கலாமே என்று நான் சொன்னேன்.

"யானை காத்து நிண்டதுக்கு மட்டும் சாட்சி இருக்கோ?" என்றார் மாமி. "நீ பேசாமல் இரு. ஊர் நம்பத் தொடங்கியிட்டுது."

நான் பேசாமல் இருந்தேன். அடுத்த நாள் எனக்குக் காலை ஷிப்ட் என்று சொன்னேன். அப்படியென்றால் நேரத்தோடு படு, கோச்சி ஓட்டுகிறவளுக்குக் கண் முக்கியம் என்று சொல்லி மாமி போனை வைத்தார்.